அக்காவின் கியர் வீலைத் தேடிய மூன்று மாதம்

அக்கா எங்களை விட்டுப் போய் ஓராண்டு ஆகிறது. இந்த மலரைக் கையில் வாங்கியிருக்கும் சொந்தங்களுக்கும், அக்காவோடு வேலை பார்த்தவர்களுக்கும், அக்காவை நம்பிக் கை நீட்டி இரத்தம் கொடுத்தவர்களுக்கும் அவருடைய தங்கையாகிய என் வணக்கம்.

எழுத உட்காரும் முன் மாதிரி பார்ப்பதற்காகப் பரணில் கிடந்த பழைய நினைவு மலர்களை எடுத்துப் படித்தேன். எல்லா மலரிலும் மறைந்தவர் பொறுமையே உருவானவர். யாரையும் கடிந்து பேசாதவர். துன்பத்தைச் சிரித்த முகத்தோடு ஏற்றவர். நான்காவது மலரோடு மூடி வைத்துவிட்டேன். இத்தனை பொறுமைசாலிகள் நம் குடும்பத்தில் இருந்திருந்தால் ஒரு கல்யாணப் பந்தியாவது சண்டையில்லாமல் முடிந்திருக்க வேண்டும். அக்கா பொறுமைசாலி இல்லை. அவருக்குக் கோபம் வரும், வாய் துடுக்கு, காத்திருப்பது அறவே பிடிக்காது. ஒரு பழைய சைக்கிளுக்குப் பின்வீல் தேடி நாங்கள் மூன்று மாதம் அலைந்ததைச் சொல்லாமல் அக்காவைப் பற்றிச் சொல்ல எனக்கு வழி தெரியவில்லை. அதைச் சொன்னால் சிலருக்கு மனம் சங்கடப்படும் என்று அம்மா பயப்படுகிறார். படட்டும்.

அக்கா பிறந்தது சுந்தரபாண்டியத்தில். அப்பா ராஜபாளையத்தில் ஒரு பஞ்சுக் குடோனில் மூட்டை தூக்கினார். அக்காவுக்கு ஒன்பது வயதிருக்கும்போது, கோடை விடுமுறைக்கு அம்மாவின் ஊரான தேவதானத்துக்குப் போன இடத்தில் மாமரத்திலிருந்து விழுந்தார். பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டிய காலை, மூங்கில் பத்தை வைத்துக் கட்டுகிற ஒருவரிடம் கொண்டுபோனார்கள். கட்டுப் பிரித்தபோது இடது முட்டி கோணலாகச் சேர்ந்திருந்தது. தொடைச் சதை சூம்பிப்போனது. அதற்குப் பிறகு இரண்டு வருடம் அக்காவை எல்லோரும் உட்கார வைத்தார்கள். வந்தவர் போனவர் எல்லாம் சொன்ன ஒரே வார்த்தை, "நீ உக்காரு தாயி" என்பதுதானாம். எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து யாராவது அக்காவை உட்காரச் சொன்னால் அவர் எழுந்து நின்றுவிடுவார்.

அப்பா செய்த காரியங்களில் மிகச் சிறந்தது, ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் கழித்துப்போட்ட சாமான்களை ஏலம் விட்டபோது அந்த லேடீஸ் சைக்கிளை எடுத்து வந்தது. பார்க்க சாதாரண சைக்கிள்தான். ஆனால் பின்வீலின் நடுவிலுள்ள ஹப் மட்டும் சின்னச் சொம்பு அளவு பருத்திருக்கும். அதற்குள்ளேதான் மூன்று கியரும். ஹேண்டில்பாரில் ஒரு லிவர். அதைத் தட்டினால் ஒரு கம்பி போய் ஹப்பின் அச்சுக்குள்ளிருக்கும் குட்டிச் சங்கிலியை இழுக்கும். பெடல் இலேசாகிவிடும். வலது காலின் பலத்தையே வைத்துக்கொண்டு, இடது காலைச் சும்மா கூட வரவிட்டு மேடு ஏறிவிடலாம். பதின்மூன்று வயதில் அக்கா அதில் ஏறினார். பள்ளிக்கூடம், லேப் டெக்னீஷியன் படிப்பு, ஸ்ரீவில்லிபுத்தூரில் வேலை எல்லாம் அந்த சைக்கிளில்தான். நாங்களும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கே குடிவந்தோம். அப்பா காலமான பிறகு வீட்டை நடத்தியதும் என்னைப் படிக்க வைத்ததும் அக்காதான். இதை ஒரே வரியில் எழுதுவது எனக்கே கேவலமாக இருக்கிறது. ஆனால் அக்கா இதற்கு மேல் எழுதவிட மாட்டார்.

லேபில் அக்காவின் வேலை, நடக்க முடியாதவர்களின் வீட்டுக்கே போய் இரத்தம் எடுத்து வருவது. ஊருக்குள் சில வீடுகள். பாதிக்கு மேல் மேற்கே, மலைப்பக்கமாக ஏறிப்போகிற ரோட்டில், தோப்புகளுக்கு நடுவே இருக்கும் வீடுகள். காலையில் வெளிச்சம் வந்ததும் புறப்பட்டால் எட்டு மணிக்குள் ஊசிப் பெட்டியோடு லேபுக்குத் திரும்பிவிடுவார்.

ஸ்கூட்டர் ஏன் வாங்கவில்லை என்று இன்றைக்கும் கேட்கிறார்கள். வாங்கினோம். நின்றால் அந்தப் பாரத்தை இடது கால் தாங்கவில்லை. இரண்டு முறை வண்டியோடு சாய்ந்த பிறகு விற்றுவிட்டோம். பக்கச் சக்கரம் வைத்த வண்டி அந்தத் தோப்புப் பாதையில் நுழையாது. சைக்கிள் என்றால் இறங்கித் தள்ளலாம், வரப்பில் சாய்க்கலாம். இதை எத்தனை பேருக்கு எத்தனை முறை சொல்லியிருப்போம். கேட்டுவிட்டு, "இருந்தாலும் ஸ்கூட்டர் வாங்கிருக்கலாம்" என்று முடிப்பார்கள்.

இப்போது மாமாவுக்கு வருகிறேன். அம்மாவின் தம்பி, ராஜபாளையத்தில் ஒரு ஸ்பின்னிங் மில்லில் ஃபிட்டர். ஆயுத பூஜைக்கு முந்தின நாள் எங்கள் வீட்டு வண்டிகளை எல்லாம் கழுவித் துடைத்துச் சந்தனம் குங்குமம் வைக்கிற உரிமை அவருடையது. அந்த வருடம் மில்லிலிருந்து கிரீஸ் கன் கொண்டுவந்திருந்தார். அந்த ஹப்புக்குத் தையல் மிஷினுக்கு விடுவதுபோல மெல்லிய எண்ணெய்தான் விட வேண்டும். உள்ளே நகக்கண் அளவு கொக்கிகள், அவற்றை நிமிர்த்தி வைப்பவை தலைமுடி போன்ற ஸ்பிரிங்குகள். கிரீஸ் போனால் கொக்கி ஒட்டிக்கொள்ளும். எனக்கும் அப்போது இது தெரியாது. அக்காவுக்குத் தெரியும், ஆனால் அவர் லேபில் இருந்தார். "சுத்துற சாமான் எதுவா இருந்தாலும் கிரீஸ் கேக்கும்டி. எண்ணெ ஒழுகிரும், கிரீஸ் நிக்கும்" என்று சொல்லிக்கொண்டே எண்ணெய் விடும் துளை வழியாக மாமா நிரப்பினார். வழிந்ததைத் துடைத்து அதன் மேலேயே சந்தனமும் வைத்தார்.

மில் உள்ள ஊரில் கிரீஸை யாரும் குறை சொல்ல மாட்டார்கள். நானும் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

பூஜை முடிந்த மூன்றாம் நாள், மேற்கு ரோட்டு மேட்டில் அக்கா ஏறும்போது பெடல் பிடிமானமில்லாமல் சும்மா சுற்றியது. சைக்கிள் பின்னால் சரிந்து விழுந்ததில் வலது மணிக்கட்டில் எலும்பு கீறிவிட்டது. மாவுக்கட்டுப் போட்டு அக்கா வீட்டில் இருந்த நாளில், செய்த பிழையைச் சரிசெய்கிறேன் என்று மாமா ஹப்பைப் பிரித்தார். பிரிக்க வராத ஒரு வளையத்தைச் சுத்தியலால் தட்டினார். அதில் விரிசல் விழுந்தது. இரண்டு ஸ்பிரிங்குகள் எங்கே பறந்தன என்று தெரியவில்லை. வீடு முழுக்கக் காந்தம் வைத்துத் தேடினோம். அக்கா கட்டிலில் இருந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். "மாமா, நீங்க மில்லுக்குப் போங்க. அங்க உங்களைத் தேடுவாக" என்று மட்டும் சொன்னார். அவர் அவ்வளவு அடக்கமாகப் பேசி நான் அதற்கு முன் கேட்டதில்லை.

ஆக, வேண்டியது ஒரு முழுப் பின்வீல். உள்ளே கியர் உள்ள, நாற்பது ஸ்போக்ஸ் கம்பி கொண்ட, எங்கள் சைக்கிளில் பொருந்துகிற பின்வீல். ஒரு வாரத்தில் கண்டுபிடித்துவிடலாம் என்று நினைத்தேன். எனக்கு அப்போது எல்லாமே ஒரு வாரத்தில் முடிகிற காரியங்கள்தான்.

முதலில் ஊரிலுள்ள சைக்கிள் கடைகள். ஒருவர் வீலைத் தொடக்கூட இல்லை, காலால் உருட்டிப் பார்த்தார். இன்னொருவர், "வீட்ல ஆம்பளையாள வரச்சொல்லும்மா, வெவரமாச் சொல்லுதேன்" என்றார். நான் படித்தது மெக்கானிக்கல் என்றேன். அப்படியானால் நீயே செய்துகொள் என்றார். ஒருவர் மட்டும் சாதா வீல் ஒன்றை மாட்டிக் கொடுத்து, இனி உங்கள் அக்கா இதிலேயே பழகிக்கொள்ளட்டும், எல்லாரும் இதில்தானே போகிறார்கள் என்றார். கால் சரியாக உள்ளவர்கள் பேசுகிற பேச்சு.

மாவுக்கட்டுப் பிரித்ததும் அக்கா அதிலும் போய்ப் பார்த்தார். மேடு வந்தால் இறங்கித் தள்ளினார். இருட்டு விலகும் முன்பே புறப்பட்டும் எட்டு மணிக்குத் திரும்ப முடியவில்லை. மூன்றாவது வாரத்தில் முட்டி பலாக்காய் மாதிரி வீங்கியது. லேப் முதலாளி நல்ல மனிதர்தான். ஆனால் இரத்தம் வெயிலில் வந்து சேர்ந்தால் அவருக்குப் பயன்படாது. பொங்கல் வரை பார்ப்போம் என்றார். அதற்குப் பிறகு மேற்கு வீடுகளைப் பைக் வைத்திருக்கிற ஓர் ஆளிடம் கொடுத்துவிட்டு, அக்காவைக் கவுன்ட்டரில் பில் போட வைப்பதாகச் சொன்னார். சம்பளம் குறையாது என்றார். அக்கா வீட்டுக்கு வந்து என்னிடம் சொன்னது: "உக்கார வைக்கப் போறாகடி."

அன்றிலிருந்து எனக்கு அது வெறும் வீல் இல்லை.

இணையத்தில் தேடினேன். கியர் வீல் என்று படம் போட்டிருந்ததை வரவழைத்தால், பல்லுப் பல்லாக வட்டு அடுக்கிய இந்தக் காலத்து வீல் வந்தது. பழைய சைக்கிள் பிரியர்கள் குழு ஒன்றில் சேர்ந்தேன். பெரிய ஊர்களில் இருக்கும் படித்த மனிதர்கள். நான் போட்ட படத்தைப் பார்த்து ஆகா ஓகோ என்றார்கள். அதற்குப் பிறகு ஒவ்வொருவராகத் தனியே செய்தி அனுப்பினார்கள், வீல் கிடைக்காது, சைக்கிளை எனக்கே கொடுத்துவிடு, வரவேற்பறைச் சுவரில் மாட்டப் போகிறேன் என்று. என் அக்கா அதில் வேலைக்குப் போக வேண்டும் என்று எழுதினேன். ஒருவர் சிரிக்கிற பொம்மை அனுப்பினார். ஒருவர் மட்டும் உண்மையாகவே ஹப் ஒன்றைப் பார்சலில் அனுப்பினார். அதில் முப்பத்தாறு ஓட்டை. நம் ஊர் ரிம்மில் நாற்பது. அதற்கேற்ற ரிம் மதுரை வரை தேடியும் கிடைக்கவில்லை. அவருக்கு நன்றி, அவர் ஏமாற்றவில்லை.

ஏமாற்றியவர் ராஜபாளையத்தில் இருந்தார், பழைய இரும்பு வியாபாரி. ஆறு முறை வரவழைத்தார். ஏழாவது முறை கறுப்பு பெயிண்ட் அடித்த ஹப் ஒன்றைக் காட்டினார். குலுக்கிப் பார்த்தேன், சத்தமே இல்லை, உள்ளே எல்லாம் இறுக்கமாக இருக்கிறது என்று சந்தோஷப்பட்டேன். பஸ் ஸ்டாண்டில் பொறுமை இல்லாமல் மூடியைக் கழற்றினால் உள்ளே கியரே இல்லை. சத்தம் வரக்கூடாது என்று வேஸ்ட் பஞ்சைத் திணித்து வைத்திருந்தார். அந்தப் பஞ்சைக் கையில் வைத்துக்கொண்டு, ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து அழுதது நினைவிருக்கிறது. அழுகை என்பதைவிட அருவருப்பு. ஒரு மனிதர் உட்கார்ந்து, யோசித்து, பஞ்சு எடுத்துத் திணித்திருக்கிறாரே என்று.

மார்கழிக்கு முன், கடைசி முகூர்த்தத்தில், ராஜபாளையத்தில் ஒரு சொந்தக்காரக் கல்யாணம். மண்டபம் எங்கள் பெரியப்பாவுடையது. அப்பாவுக்கு ஒன்றுவிட்ட அண்ணன். வாசலில் மணமக்கள் நின்று படம் எடுத்துக்கொள்வதற்காகத் தங்கக் கலர் பெயிண்ட் அடித்து, கூடையில் பிளாஸ்டிக் பூ வைத்து ஒரு லேடீஸ் சைக்கிள் நிற்கிறது. உங்களில் பலரும் அதன் பக்கத்தில் நின்று படம் எடுத்திருப்பீர்கள். பந்திக்குப் போகிற வழியில் அதன் பின்வீலைப் பார்த்தேன். நடுவில் சொம்பு அளவு ஹப். அச்சின் முனையில் குட்டிச் சங்கிலி. பட்டுச் சேலையோடு தரையில் குனிந்து படுத்து ஸ்போக்ஸை எண்ணினேன். நாற்பது. வீலைத் தூக்கிச் சுற்றிவிட்டேன். உள்ளே இருந்து மெல்ல டிக், டிக் என்று சத்தம் வந்தது. அதற்குள் அம்மா வந்து என்னைத் தூக்கிவிட்டார். மாப்பிள்ளை வீட்டார் பார்க்கிறார்களாம்.

இரண்டு நாள் கழித்து மாமாவும் நானும் பெரியப்பாவைப் பார்க்க மண்டபத்து ஆபீஸுக்குப் போனோம். உட்கார வைத்து ஆரஞ்சுக் கலர் சோடா வாங்கிக் கொடுத்தார். விஷயத்தைச் சொன்னேன். நிற்கிற சைக்கிளுக்கு கியர் எதற்கு, எங்களிடம் உள்ள சாதா வீலுக்கு அதே தங்கக் கலர் அடித்து மாட்டித் தருகிறேன், ஒருவருக்கும் வித்தியாசம் தெரியாது என்றேன். அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். கேமராக்காரர்கள் அந்த சைக்கிளைக் கேட்டுத்தான் வருகிறார்கள் என்றார். அது வந்த பிறகுதான் மண்டபம் ஓடுகிறது என்றார். வீலை மட்டும்தானே கேட்கிறோம் என்று மாமா இழுத்தார். அப்போது பெரியப்பா என்னைப் பார்த்துச் சொன்னதை அவர் சொன்னபடியே எழுதுகிறேன்.

"பொண்ணு மாப்பிள்ளை தொட்டு நிக்கிற சாமான்மா. மங்கலமான எடம். அதுல உள்ளதக் கழட்டி அங்க மாட்டி, அங்க உள்ளத இங்க கொண்டாந்து மாட்டுனா... உங்க அக்கா கால் எப்பிடின்னு ஊருக்கே தெரியும். நான் வாய் விட்டுச் சொல்லணுமா?"

வாய் விட்டுத்தான் சொன்னார். மாமா தலையைக் குனிந்துகொண்டார். நான் எழுந்து வந்துவிட்டேன். பாதி குடித்த கலர் மேஜையிலேயே நின்றது.

வீட்டில் அக்கா முட்டிக்கு ஒத்தடம் கொடுத்துக்கொண்டிருந்தார். மண்டபம் பூட்டியிருந்தது, பெரியப்பாவைப் பார்க்க முடியவில்லை என்றேன்.

"நாக்க நீட்டு" என்றார் அக்கா.

நீட்டினேன். ஆரஞ்சு நிறத்தில் இருந்திருக்கும்.

"ஏட்டி, பொய் சொல்லப் போறவ கலரக் குடிச்சிட்டு வரக்கூடாது. என் காலப் பத்திச் சொன்னாரா?"

தலையாட்டினேன்.

"அது பழசு. வீலப் பத்தி என்ன சொன்னாரு?"

தர மாட்டார் என்றேன். அக்கா ஒத்தடத் துணியைப் பிழிந்து மறுபடி முட்டியில் வைத்தார். பொங்கலுக்கு நான்கு வாரம் இருந்தது.

அந்த வாரக் கடைசியில் பெரியம்மாவிடமிருந்து ஃபோன் வந்தது. பெரியப்பா பேசியபோது அவர் ஆபீஸ் அறைக்குப் பின்னால் பாத்திரக் கணக்கு பார்த்துக்கொண்டிருந்தாராம். எனக்கு அது தெரியாது. செவ்வாய்க்கிழமை விசேஷம் இல்லை, மண்டபம் காலி, பெரியப்பா தென்காசி போகிறார் என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "வரும்போது தங்கக் கலரு டப்பா ஒண்ணு வாங்கிட்டு வா. நம்மகிட்ட இருந்தது காஞ்சு போச்சு" என்றார்.

போனோம். மாமா ஸ்பேனரோடு வந்தார். பெரியம்மா சைக்கிளைப் பிடித்துக்கொண்டார். கால் மணி நேரத்தில் கியர் வீல் கழன்றது, எங்கள் சாதா வீல் ஏறியது. அதற்குப் பெரியம்மாவே பிரஷ் பிடித்துத் தங்கக் கலர் அடித்தார். விரலெல்லாம் தங்கம். பெரியப்பா கேட்டால் என்ன சொல்வீர்கள் என்றேன். "அவிய என் கையப் பாத்து முப்பது வருசமாச்சு" என்றார்.

பெரியப்பா அவர்களே, இதை நீங்கள் இப்போதுதான் தெரிந்துகொள்கிறீர்கள். எழுதலாம் என்று சொன்னவர் பெரியம்மாதான். இத்தனை மாதங்களாக உங்கள் மண்டபத்தில் எல்லா மணமக்களும் என் அக்கா தள்ளிக்கொண்டு நடந்த வீலைத் தொட்டுத்தான் நின்றார்கள். ஒரு கல்யாணமும் நின்றுபோனதாகத் தெரியவில்லை. கேமராக்காரர்களும் குறைந்தபாடில்லை. உங்களிடம் எனக்குக் கோபம் தீரவில்லை. மூத்தவர் என்பதால் மரியாதையாகச் சொல்கிறேன், அந்த வீல் திரும்ப வராது.

வீட்டில் அந்த ஹப்பை மாமா தொட அக்கா விடவில்லை. தையல் மிஷின் எண்ணெயை அவரே சொட்டுச் சொட்டாக விட்டு, இரண்டு நாள் சும்மா சுற்றினார். மூன்றாவது கியர் வழுக்கியது. இரண்டாவது வழுக்காமல் நின்றது. முதல் கியர் பிறந்த அன்றைக்குப் போலப் பிடித்தது. வீலின் கோட்டம் எடுக்க மட்டும் மாமாவைக் கூப்பிட்டார். மாமா ஒரு பகல் முழுக்க உட்கார்ந்து, ஸ்போக்ஸ் ஸ்போக்ஸாகத் தட்டி எடுத்துக் கொடுத்தார். தங்கப் பெயிண்ட்டைச் சுரண்ட நேரமில்லை. பொங்கலுக்கு முந்தின வாரம் அக்கா பின்வீல் மட்டும் தகதகவென்று மின்ன மேற்கு ரோட்டில் ஏறிப்போனார். ஏழே முக்காலுக்கு லேபில் இருந்தார். அன்று முதல் அவரைப் பில் போட யாரும் கூப்பிடவில்லை.

இப்படிப் பத்து மாதம் ஓட்டினார். என் வாழ்க்கையில் நான் முழுதாகச் செய்து முடித்த காரியம் அது ஒன்றுதான் என்று நினைத்திருந்தேன்.

ஐப்பசி மழையில் ஊரெங்கும் காய்ச்சல். அக்காவுக்கும் வந்தது. இரண்டாம் நாள் தன் இரத்தத்தைத் தானே எடுத்து, லேபில் தானே பார்த்திருக்கிறார். தட்டணுக்கள் இறங்க ஆரம்பித்துவிட்டன. அந்தத் தாளை மடித்து ஊசிப் பெட்டிக்குள் வைத்துவிட்டு, மறுநாளும் அதற்கு மறுநாளும் மேற்கு வீடுகளுக்குப் போயிருக்கிறார். நாலாம் நாள் சைக்கிளிலேயே கவர்மென்ட் ஆஸ்பத்திரிக்குப் போய், ஸ்டாண்டில் விட்டுப் பூட்டிவிட்டு, தானே சீட்டு எழுதிப் படுத்துக்கொண்ட பிறகுதான் எனக்கு ஃபோன் செய்தார். அங்கிருந்து மதுரைக்குக் கொண்டுபோனார்கள். மூன்றாம் நாள் அக்கா போய்விட்டார்.

பெட்டிக்குள் அந்தத் தாளைப் பார்த்தபோது எனக்கு அக்கா மீதே அருவருப்பு வந்தது. ஊராருக்கெல்லாம் எண்களைப் படித்துச் சொல்கிறவர் தன் எண்ணைப் படித்துவிட்டு மடித்து வைத்தாரே. நினைவு மலரில் இதை எழுதக்கூடாதுதான். எழுதாவிட்டால் நானும் மடித்து வைத்ததாக ஆகும்.

துக்க வீட்டில் ஓர் அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டு, "அந்த வீலு கிடைக்காம இருந்திருந்தா புள்ளை வீட்டுலயே படுத்துக் கெடந்திருக்கும்லா" என்றார். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். அதற்கு முன்பே நானும் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். மாமா ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவந்து வாசலில் நிறுத்தியிருந்த சைக்கிளைப் பார்க்கவே பிடிக்கவில்லை. அந்தத் தங்கக் கலர் அசிங்கமாக இருந்தது. காரியம் முடிந்ததும் எடைக்குப் போட்டுவிட வேண்டும் என்று முடிவு செய்தேன்.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் பலர். மதுரையில் அக்காவுக்காக இரத்தம் கொடுக்க வரிசையில் நின்ற, பெயர்கூடச் சொல்லாத கல்லூரிப் பிள்ளைகள். கடைசிவரை அக்காவின் காலை நேராக வைக்கத் தலையணை மாற்றிய நர்ஸ் சகோதரி. பிழை செய்து, அதைவிட அதிகமாக உழைத்துத் தீர்த்த மாமா. விரலில் தங்கம் ஆக்கிக்கொண்ட பெரியம்மா. பதினாறு நாளும் எங்கள் வீட்டில் அடுப்பெரிய விடாமல் சாப்பாடு கொண்டுவந்த தெருவார். எல்லோருக்கும் அம்மா சார்பிலும் என் சார்பிலும் கைகூப்புகிறேன்.

இன்னும் ஒருவர் இருக்கிறார்.

அக்காவை எடுத்த மறுநாள் காலை, ஒன்பது மணி தாண்டியிருக்கும், அக்காவின் ஃபோன் அடித்தது. நான் எடுத்தேன். ஒரு பெரியவர். அக்கா ஒவ்வொருவருக்கும் மாதத்தில் ஒரு நாள் வைத்திருந்தார். அந்தக் கணக்கு அவர் தலையில்தான் இருந்தது, லேப் நோட்டில் இல்லை. அது அவருடைய நாள்.

"என்ன தாயி, இன்னிக்கு லேட்டாகுமா? காப்பி குடிச்சிரட்டுமா, இன்னும் செத்த நேரம் பாக்கட்டுமா?" என்றார்.

வெறும் வயிற்றோடு காத்திருக்கிறார் என்று புரிய எனக்குக் கொஞ்சம் நேரமாயிற்று. ஃபோனில் சொல்ல வாய் வரவில்லை. வீடு எங்கே என்று மட்டும் கேட்டேன். வாசலில் நின்றது அந்த சைக்கிள் ஒன்றுதான். தீட்டு வீட்டுப் பெண் மறுநாளே தெருவில் இறங்குவதா என்று யாரோ சொன்னார்கள். அம்மா அவரைப் பேசாமல் இருக்கச் சொன்னார்.

மேற்கு ரோட்டு மேட்டில் எனக்கு மூச்சு முட்டியது. லிவரைத் தட்டினேன். பெடல் அப்படியே இலேசானது. அதுவரை நான் அதை ஒரு தடவைகூட ஓட்டிப் பார்த்ததில்லை. யாரோ பின்னாலிருந்து முதுகில் கைவைத்துத் தள்ளுவதுபோல இருக்கும் என்று நினைத்திருந்தேன். அப்படி இல்லை. யாரும் தள்ளவில்லை. மேடு அதே மேடுதான், போகிறது நாம்தான். அக்கா ஏன் அந்தக் காய்ச்சலிலும் போனார் என்று எனக்கு இன்னும் முழுதாகப் புரியவில்லை. ஆனால் ஏன் உட்கார மறுத்தார் என்பது அந்த மேட்டில் புரிந்தது.

தோப்புக்குள் சின்ன வீடு. பெரியவர் சட்டைக் கையை ஏற்கெனவே மடித்துவிட்டு வாசலில் நாற்காலியில் இருந்தார். சைக்கிளைப் பார்த்துச் சிரித்தவர், என்னைப் பார்த்ததும் நிறுத்தினார். படியில் ஏறாமல் வெளியே நின்றே சொன்னேன். மடித்த கையை மெல்ல இறக்கிவிட்டார். பிறகு, "நீ காப்பி குடிச்சியா?" என்று கேட்டார்.

இல்லை, தீட்டு, உள்ளே வரக்கூடாது என்றேன்.

"எனக்கும் தீட்டுதான் தாயி. உள்ள வா" என்றார்.

இம்மலரின் கடைசிப் பக்கத்தில், துயருறும் குடும்பத்தார் என்ற தலைப்பின் கீழ், உங்களில் யாருக்கும் தெரியாத ஒரு பெயர் இருக்கும். என்ன முறை வேண்டும் என்று அச்சகத்தில் கேட்டார்கள். முறை எதுவும் போட வேண்டாம், பெயர் மட்டும் இருக்கட்டும் என்று சொல்லியிருக்கிறோம். அச்சுப் பிழை என்று யாரும் நினைக்க வேண்டாம்.